வருஷத்துக்கு ஒரு நாள் பூட்டு

பிப்ரவரி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, இத்வல் பூட்டையும் சங்கிலியையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் இறங்கினான். வேலை சுலபமானது. ஓடைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற கேட்டைப் பொழுது விடியும்போது பூட்ட வேண்டும், பொழுது அடையும்போது திறக்க வேண்டும். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும். காட்டின் சொந்தக்காரர் மேஜர் மான்செல் அவனுக்குக் கொடுத்த வேலை அது. பத்தொன்பது வருஷமாக அவன் அதைச் செய்யவில்லை. இருபதாவது தடவையும் செய்யப் போவதில்லை.

கேட்டைக் கையால் தள்ளிப் பார்த்தான். சத்தமில்லாமல் திறந்தது. அதன் கீலுக்கு மாதம் ஒருமுறை எண்ணெய் போடுகிறவன் அவன்தான். விழுந்து கிடந்த ஓக் மரத்தின் மேல் உட்கார்ந்து குடுவையிலிருந்து டீ ஊற்றிக்கொண்டான். மழை தூறியது. லான்வாரோத் ஊரில் பிப்ரவரி மாதம் மழை இல்லாமல் வந்ததில்லை. மேஜர் அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். நனைந்துகொண்டு யார் காட்டு வழி நடக்கப் போகிறார்கள், பூட்டினது ஒருவருக்கும் தெரியாமலே போய்விடும், சண்டை சச்சரவு இருக்காது என்பது அவர் கணக்கு.

ஆனால் இத்வலுக்கு அன்றைக்கு ஓர் ஆளாவது அந்தக் கேட்டைத் தாண்டிப் போயாக வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் தபால்காரி ஹெலெட் வந்தாள். மேல் பண்ணைக்குப் போகிற கடிதங்களை அந்த வாரம் முழுக்க இத்வல்தான் அவளைக் காட்டு வழியாகக் கொண்டுபோகச் சொல்லியிருந்தான். சாலையில் பள்ளம் தோண்டியிருக்கிறது என்று ஒரு சாக்கு.

"என்ன மாமா, ஒவ்வொரு வருஷமும் இந்தக் குளிருக்கு நீ இங்கயே உக்காந்திருக்க? காதலி யாராச்சும் வர்றாளா?"

"உனக்காகத்தான் உக்காந்திருக்கேன்."

"அடப்பாவி, முப்பது வருஷத்துக்கு முன்னாடி சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!"

"அப்ப உனக்குப் பால்பல்லு. சரி, மணி என்ன ஆச்சு?"

"ஒம்போது பத்து. ஏன், பஸ்ஸுக்கா போற?"

"சும்மாதான் கேட்டேன். கேட்டை நீயே தொறந்துக்க. எனக்கு முட்டி வலி."

அவள் கேட்டைத் தன் கையால் திறந்து, தன் கையால் சாத்திவிட்டுப் போனாள். இத்வல் ஒரு துண்டுக் காகிதம் எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டு, எழுத்து எழுத்தாக எழுதினான். ஹெலெட். ஒன்பது பத்து. பிறகு டீயின் மீதியைக் குடித்தான். இருபது முடிந்தது. இனி மேஜர் என்ன செய்தாலும் முடிந்தது முடிந்ததுதான்.

இது எங்கே தொடங்கியது என்றால், நெஸ்டாவின் சவ ஊர்வலத்தில்.

நெஸ்டா இத்வலின் மனைவி. ஒரு ஜனவரி மாதக் கடைசியில், நாற்பத்தொரு வயதில், அடுப்பங்கரையில் மயங்கி விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. அவர்கள் குடியிருந்தது காட்டின் மேல் ஓரத்தில், மேஜரின் மாளிகைக்குச் சொந்தமான வேலைக்காரர் வீடு. வேலை உள்ளவரைக்கும் வீடு. ஊரும், சேப்பல் என்கிற சின்னத் தேவாலயமும் காட்டுக்குக் கீழே. காட்டு வழியாக நடந்தால் முக்கால் மைல், சாலையில் சுற்றிக்கொண்டு போனால் ஐந்து மைல். சேப்பல் பாட்டுக் குழுவுக்கு நெஸ்டா வாரம் இரண்டு தடவை அந்தக் காட்டு வழியாகத்தான் போய்வந்தாள். பாடிக்கொண்டே போவாள், பாடிக்கொண்டே வருவாள். பாட்டுச் சத்தம் பாலத்தைத் தாண்டினால் இத்வல் உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றுவான்.

ஆகவே அந்த வழியாகவே தூக்கிப் போவது என்று முடிவானது. ஆறு பேர் தோள் கொடுத்தார்கள். முன்னால் வலது பக்கம் இத்வல், இடது பக்கம் சிப்ஸ் கடை எமிர். பாலத்துக் கேட்டுக்கு வந்தபோது அங்கே மேஜர் நின்றிருந்தார். வேட்டைக் கோட்டு, கையில் துப்பாக்கி, காலடியில் நாய்.

"இந்த வழியா சவம் போகக் கூடாது, இத்வல்" என்றார்.

ஒருவருக்கும் புரியவில்லை. சவப்பெட்டி தோளில் இருக்க எல்லாரும் அப்படியே நின்றார்கள்.

"உன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை. ஆனா ஒரு தடவை சவம் போன வழி ஊருக்குச் சொந்தமாயிடும். எங்கப்பா சாகிற வரைக்கும் இதைத்தான் சொல்லிட்டிருந்தார். இன்னிக்கு விட்டா நாளைக்கு ஊரே வந்து என் ஜன்னல் ஓரமா உரிமை பேசும். திருப்பிக்கோங்க."

அந்தப் பக்கத்தில் பழைய ஆட்கள் அப்படி ஒரு பேச்சுச் சொல்வது உண்டுதான். பிணம் கடந்த இடம் பொது வழி. எமிர் ஏதோ கெட்ட வார்த்தை சொல்ல வாயெடுத்தான். இத்வல் அவனை முந்திக்கொண்டான். வேலையும் வீடும் மேஜருடையது. பெட்டியின் கனம் தோளில் இருந்தது.

"சரிங்க மேஜர்" என்றான்.

சரிவில், ஈர இலையில், ஆறு பேர் ஒரு பெட்டியைத் திருப்புவது எளிதில்லை. பக்கவாட்டில் அடிவைத்து அடிவைத்துத் திரும்ப வேண்டும். எமிரின் கால் வழுக்கி முட்டி தரையில் மோதியது. பெட்டியின் மூலை கேட்டுக் கம்பத்தில் இடித்தது. இடித்த சத்தம் சின்னதுதான். கதவை யாரோ ஒருதரம் தட்டுகிற மாதிரி. அவள் உள்ளேயிருந்து தட்டினது போல இருந்தது இத்வலுக்கு.

கடைசியில் ஆடு ஏற்றுகிற டிராக்டர் வண்டியைக் கழுவி, அதில் வைத்து, ஐந்து மைல் சுற்றிப் போனார்கள். சேப்பலில் ஜனங்கள் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். இருந்த பாட்டெல்லாம் பாடித் தீர்ந்திருந்தது.

அதைக்கூட இத்வல் விழுங்கியிருப்பான். வாழ்க்கையில் நிறைய விழுங்கினவன். ஆனால் மூன்று வாரம் கழித்து மேஜர் முற்றத்தில் அவனைக் கூப்பிட்டார். விறகுக் கட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றான். மேஜர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதைக் கேளுய்யா. வக்கீலைப் போய்ப் பார்த்தேன். சவத்துக்கு ஒரு சக்தியும் இல்லையாம்! எங்கப்பா சொன்னது வெறும் கட்டுக்கதையாம். உன்னை நான் வேற வீணா ஐஞ்சு மைல் சுத்த விட்டுட்டேன் பாரு!"

வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். செத்தவர்கள் அல்ல, உயிரோடு நடக்கிறவர்கள்தான் ஆபத்து. இருபது வருஷம் யாரையும் கேட்காமல், யாரும் தடுக்காமல் ஜனங்கள் ஒரு வழியில் நடந்தால் அது பொது வழியாகிவிடும். தடுக்க இரண்டு உபாயம். ஒன்று, வக்கீல் மூலம் அரசாங்க அலுவலகத்தில் ஒரு காகிதம் போட்டு, அதைச் சில வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிப்பது. இன்னொன்று பழைய வழக்கம். வருஷத்தில் ஒரு நாள் கேட்டைப் பூட்டி வைப்பது.

"காகிதம், கட்டணம், அந்த வக்கீலுக்கு வேற சாப்பாடு வாங்கித் தரணும். நமக்கு எதுக்கு? பூட்டு இருக்கு, நீ இருக்க." பூட்டை இத்வலின் கையில் வைத்தார். "வாயைத் திறக்காம செய். உனக்குத்தான் அது நல்லா வருமே."

இத்வல் பூட்டை வாங்கிக்கொண்டான். அந்தச் சிரிப்பு அவன் காதில் போய் உட்கார்ந்தது. அன்று மத்தியானம் கட்டை இறக்கி முடிப்பதற்குள் அவன் மனதில் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. இருபது வருஷம். காத்திருப்பது அவனுக்குப் பழக்கம். மரம் நடுகிறவனுக்கு இருபது வருஷம் பெரிசில்லை.

ஒரே குறை, அவனுக்குப் படிக்கத் தெரியாது. மேஜர் சொன்ன சட்டம் மெய்தானா என்று தானே பார்க்க வேண்டும், வேறு யாரையும் படித்துச் சொல்லக் கேட்க முடியாது. நாற்பத்துமூன்று வயதில், வியாழக்கிழமை சாயங்காலங்களில், ஊர் நூலகத்தின் பின் அறையில் பெரியவர்களுக்கு நடத்திய வகுப்பில் போய் உட்கார்ந்தான். கோடாலி பிடித்த விரலுக்குப் பென்சில் நிற்கவில்லை. அ போட்டால் ஆணி மாதிரி வரும். முதன்முதலில் அவன் முழுசாகப் படித்து முடித்தது பொதுப் பாதைகளைப் பற்றிய ஓர் அரசாங்கத் துண்டறிக்கை. எட்டுப் பக்கம். ஐந்து வாரம் ஆனது. மேஜர் சொன்னது மெய்தான்.

மேஜரிடம் மட்டும் அவன் தற்குறியாகவே இருந்தான். ஒவ்வொரு பிப்ரவரியும் மேஜர் தன் அறையில் ஒரு கறுப்பு நோட்டில் "கேட் பூட்டப்பட்டது" என்று எழுதி அவன் பக்கம் திருப்புவார். இத்வல் ஒரு பெருக்கல் குறி போடுவான். அவர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போடுவான்.

இருபதாவது குறியும் விழுந்த அந்த வசந்த காலத்தில் மேஜர் காட்டை அடைத்தார். அவருக்கு எண்பது நெருங்கியிருந்தது. ஓடை ஓரமாகப் பன்னிரண்டு மரக்குடில்கள் கட்டி, வாசலில் வெந்நீர்த் தொட்டி வைத்து, நகரத்து ஆட்களுக்கு வாரக் கணக்கில் விடப்போகிறார் என்று பேச்சு வந்தது. பாலத்துக் கேட்டில் புதுச் சங்கிலி, தனியார் நிலம் என்று சிவப்புப் பலகை.

ஊருக்கு அது வயிற்றில் அடித்த மாதிரி. லான்வாரோத்தில் என்ன இருக்கிறது? ஓடைக்கரையில் கார் நிறுத்துமிடம். பக்கத்தில் இருபது பென்னி போட்டால் திறக்கிற கழிப்பறை. எமிரின் சிப்ஸ் கடை, கறிக்கடையில் மாவுக்குள் கறி அடைத்துச் சுட்ட சூடான பாஸ்டி, பழைய ரயில் நிலையத்தில் ஒரு டீக்கடை, மணிக்கு ஒரு பஸ். சனி ஞாயிறில் வெளியூர்க்காரர்கள் வந்து, காரை நிறுத்தி, காட்டில் ஒரு சுற்று நடந்து, அருவியைப் பார்த்து, பசியோடு திரும்பி வருவதால்தான் இவையெல்லாம் உயிரோடு இருந்தன. காடு அடைபட்ட மூன்றாவது வாரம் டீக்கடைக்காரி சாயங்காலக் கடையை நிறுத்திவிட்டாள்.

ஊர் மன்றத்தின் எழுத்தர் க்வென்லியன், முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள், அதைப் பொதுப் பாதையாக அறிவிக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டாள். மேஜரின் வக்கீலிடமிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது. கேட் வருஷம்தோறும் ஒரு நாள் பூட்டப்பட்டது, பூட்டியவர் இத்வல் பிரிட்சர்ட், நோட்டில் சாட்சி இருக்கிறது.

அன்று வெள்ளிக்கிழமை. இத்வல் மீன் வாங்க எமிரின் கடைக்குப் போனான். வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"நீயாடா பூட்டின?" எமிர் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து கேட்டான்.

இல்லை என்று இத்வல் சொல்லியிருக்கலாம். இப்போது சொன்னால் அது மேஜரின் காதுக்குப் போகும். வக்கீல் வேறு வழி தேடுவான். இதை மேஜர் முகத்துக்கு நேரே, ஊர் பார்க்கத்தான் சொல்ல வேண்டும். அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"ஒரு மீன், சின்னச் சிப்ஸ்" என்றான்.

"உன் பொண்டாட்டிப் பெட்டியத் தூக்கினப்ப என் முட்டி உடைஞ்சது. இன்னும் மழை வந்தா வலிக்குது. நீ அந்த ஆளுக்கே போய்ப் பூட்டிட்டு வந்திருக்க. மேல தெளிக்க வினிகர் கிடையாது. உப்பும் கிடையாது. எடுத்துட்டுப் போ."

விசாரணை வர ஒன்றரை வருஷம் ஆனது. அத்தனை நாளும் இத்வல் வினிகர் இல்லாமல்தான் மீன் தின்றான். சேப்பலில் அவன் உட்காரும் வரிசை காலியாகவே இருக்கும். விசாரணைக்கு ஒரு வாரம் முன்னால் க்வென்லியன் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"என்னையும் சாட்சிப் பட்டியல்ல சேத்துக்க அக்கா."

"யார் பக்கம்?" என்றாள், கதவைப் பாதி திறந்தபடி.

அவன் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து இருபது துண்டுக் காகிதங்களைக் காட்டினான். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள். படித்ததும் கதவை முழுக்கத் திறந்தாள்.

"இதைச் சொன்னா வீடு போயிடும் இத்வல். வேலையும்."

"தெரியும்."

"நெஸ்டா இருந்த வீடு."

"தெரியும்னு சொன்னேன்ல."

ஊர்க் கூடத்தில் அன்று உட்கார இடமில்லை. ஈரக் கோட்டு வாசனை, வாசலில் குடைகள். விசாரணை அதிகாரி தலைநகரிலிருந்து வந்த ஒல்லியான பெண்மணி. மேஜர் முன் வரிசையில் தடியை முட்டிகளுக்கு நடுவே ஊன்றி உட்கார்ந்திருந்தார். இத்வல் பேர் கூப்பிட்டதும் பின்னாலிருந்து ஒரு குரல், "பூட்டுக்காரன் வர்றான், வழி விடுங்க" என்றது. சிரிப்பு எழுந்தது.

மேஜரின் வக்கீல் கறுப்பு நோட்டைக் காட்டினான். "இந்தக் குறிகள் உங்களோடதா?"

"ஆமாங்க."

"இருபதும்?"

"இருபதும்."

"அப்ப வருஷா வருஷம் பூட்டினதா நீங்களே ஒத்துக்கிட்டிருக்கீங்க."

"மேஜர் கிட்ட ஒத்துக்கிட்டேன். கேட்டைப் பூட்டல."

மேஜர் தலையைத் திருப்பி முதல்முறையாக அவனைப் பார்த்தார்.

"இருபது வருஷம் உங்க முதலாளிகிட்ட பொய் சொல்லியிருக்கீங்க. இன்னிக்கு மட்டும் உண்மை சொல்றீங்கன்னு நாங்க எப்படி நம்பறது?"

"என்னை நம்ப வேணாம். போனவங்களக் கேளுங்க." இத்வல் மேல்சட்டையிலிருந்து கண்ணாடியை எடுத்தான். ஒரு தாளை விரித்து, வரிக்கு அடியில் விரல் வைத்து, படிக்கத் தொடங்கினான்.

அவன் படிப்பதை மேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. இத்வல் அதைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தான். அந்த வாயைப் பார்ப்பதற்காகவே வேண்டுமென்றே மெதுவாகப் படித்தான்.

"முதல் வருஷம். க்வென்லியன் நர்ஸ், மேல் பண்ணைப் பிரசவத்துக்கு, காலைல ஏழே முக்கால். மூணாவது வருஷம். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயம், நாப்பத்தோரு பிள்ளைங்க, ஒண்ணு கேட்டு மேலயே வாந்தி எடுத்துச்சு."

"அது நான்தான்!" என்று ஒரு தாடிக்காரன் எழுந்து நின்றான். அதிகாரி அவனை உட்காரச் சொன்னார்.

"ஏழாவது வருஷம். எமிர் சிப்ஸ், சேப்பல்ல ஆர்கன் வாசிக்கிறவளோட தங்கச்சி கூட, மத்தியானம் மூணு மணி."

கூடம் வெடித்தது. எமிரின் மனைவி அவன் பக்கம் முழு உடம்பையும் திருப்பினாள்.

"காளான் பொறுக்கப் போனோம்!" என்று கத்தினான் எமிர்.

"பிப்ரவரிக் குளிர்ல காளானா?" என்றாள் அவள்.

இத்வல் நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த வரிக்குப் போனான். வினிகருக்கு அது போதும். பதினோராவது வருஷத்துக்கு வந்ததும் விரல் நின்றது. அதை அவன் தாளில் எழுதித்தான் வைத்திருந்தான். தாண்டிப் போயிருக்கலாம். யாருக்கும் தெரியாது.

"பதினோராவது வருஷம் பூட்டினேன்" என்றான்.

க்வென்லியன் கண்ணை மூடிக்கொண்டாள். வக்கீல் எழுந்தே விட்டான். "பூட்டினீங்க!"

"அன்னிக்கு மேஜர் கூடவே வந்தாரு. அவர் கண்ணு முன்னாடி பூட்டினேன். அவர் மேட்டுல ஏறி மறையற வரைக்கும் பூட்டு இருந்துச்சு. அப்புறம் தொறந்துட்டேன்."

"ஒரு நிமிஷம் பூட்டினாலும் அது பூட்டினதுதான்" என்றான் வக்கீல்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அந்த நேரத்துல யாராவது வந்து, கேட் பூட்டியிருக்கறதப் பார்த்துட்டுத் திரும்பிப் போனாங்களா?"

"மேஜரோட நாய் மட்டுங்க. அது அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு."

சிரிப்பு அடங்க வெகு நேரமானது. அதிகாரியும் தலையைக் குனிந்து எதையோ எழுதுகிற பாவனை செய்தார். மேஜர் மட்டும் சிரிக்கவில்லை. இன்னொருவன் அவரைப் பார்த்துச் சிரித்தால் எப்படி இருக்கும் என்று இருபத்தொரு வருஷம் இத்வல் யோசித்திருந்தான். இப்போது ஒரு கூடமே சிரித்தது.

ஒன்பது வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஜனங்கள் தடையில்லாமல் நடந்திருக்கிறார்கள், பாதை பொதுப் பாதை. இரண்டு மீட்டர் அகலம், பாலத்திலிருந்து மாளிகையின் கிழக்கு ஜன்னலுக்கு முப்பது அடி தள்ளி, அருவி வரைக்கும். குடில் கட்டுகிற கம்பெனி வேறு இடம் பார்க்கப் போய்விட்டது.

மறுநாளே மேஜர் இத்வலின் வீட்டுக்கு நடந்து வந்தார். அத்தனை வருஷத்தில் அந்த வாசலுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. காலி செய்யச் சொல்லும் கடிதத்தைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அவருக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"மூணு மாசம் தரேன்" என்றார். பிறகு தடியில் சாய்ந்துகொண்டு, "உனக்கு நான் என்னய்யா கெடுதல் செஞ்சேன்? வேலை கொடுத்தேன். வீடு கொடுத்தேன். உன் சம்சாரம் செத்தப்ப மலர்வளையம் அனுப்பினேன். ஊர்ல யார் அனுப்பினதும் அவ்வளவு பெரிசில்ல."

"ஆமாங்க. நாங்க போய்ச் சேரும்போது அது எங்களுக்கு முன்னாடியே சேப்பல்ல இருந்துச்சு" என்றான் இத்வல். "உங்க சமையக்காரி கொண்டுபோனா. காட்டு வழியா."

மேஜருக்குக் காதோரம் சிவந்தது. தடியை ஊன்றி ஊன்றித் திரும்பி நடந்தார். அந்த முதுகைப் பார்த்தால் இரக்கம் வருமோ என்று இத்வல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். வரவில்லை.

சிப்ஸ் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைக்குக் குடிபோனான். எமிர் வாடகை பேசாமல் சாவியைக் கொடுத்தான். ஆனால் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அறையில் எந்நேரமும் எண்ணெய் வாசனை. நெஸ்டாவின் துணிகளிலும் அது ஏறிவிட்டது. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. இரவில் ஒருதரம் எழுந்து அவள் சால்வையை முகர்ந்து பார்த்தான். மீன் வாசனைதான் வந்தது. திரும்ப மடித்து வைத்தான்.

அடுத்த வாரம் க்வென்லியன் வரைபடத்தோடு வந்தாள். ஊர் மன்றம் கார் நிறுத்துமிடத்தில் பெரிய பலகை வைக்கிறது. கழிப்பறை எங்கே, டீக்கடை எங்கே, பஸ் எங்கே, நடை எத்தனை தூரம் என்று எல்லாம் அதில் வரும். பாதையிலும் சில சாமான்கள் நட வேண்டும். காட்டில் எந்த வேர் எங்கே ஓடுகிறது என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"வழிகாட்டிக் கம்பம் நாலு. எங்க வைக்கலாம்?"

அவன் பென்சிலால் நாலு இடம் காட்டினான்.

"நாய்க் கழிவுத் தொட்டி ஒண்ணு, நாயோட நடக்கறவங்க அள்ளிப் போட. வாரம் ஒரு தடவை வண்டி வந்து எடுக்கணும். வண்டி போற இடமா இருக்கணும்."

இத்வல் பென்சிலை நாக்கில் தொட்டான். வெகு கவனமாக ஒரு புள்ளி வைத்தான்.

க்வென்லியன் வரைபடத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். "இது மேஜர் சாப்பிடற ஜன்னலுக்கு நேர் எதிர்ல இல்ல இருக்கு?"

"வண்டி வர்ற ரோடு பாதையைத் தொடற இடம் அது ஒண்ணுதான் அக்கா. நான் என்ன செய்யட்டும்?"

அவள் அவனை ஒரு நர்ஸ் நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு அந்தப் புள்ளியின் மேல் தன் பேனாவால் அழுத்தி வட்டம் போட்டாள்.

தொட்டி வந்தது. பச்சை நிறம், ஆள் இடுப்பு உயரம். நடந்து பார்க்க ஊரே போனது. இத்வல் கூட்டத்தோடு போகவில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, மேஜர் காலை உணவுக்கு உட்காரும் நேரத்துக்கு, தனியாகப் போனான். ஜன்னலுக்கு எதிரே வந்ததும் நின்றான். உள்ளே மேஜர் முட்டையை உடைத்துக்கொண்டிருந்தார். இத்வல் கறிக்கடைக் காகிதத்தைப் பிரித்துப் பாஸ்டியைக் கடித்தான். ஜன்னலைப் பார்த்தபடியே மென்றான்.

ஜன்னல் திறந்தது. "அங்க நிக்க உனக்கு உரிமை இல்ல!" மேஜரின் குரல் கிறீச்சிட்டது. "வக்கீல்கிட்ட கேட்டுட்டேன்! பாதைன்னா போகலாம், வரலாம். நிக்கக் கூடாது!"

இத்வல் யோசித்துப் பார்த்தான். துண்டறிக்கையின் ஆறாவது பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. மேஜர் சொல்வது சரி.

அவன் நடந்தான். வழிகாட்டிக் கம்பம் வரைக்கும் போனான். திரும்பினான். ஜன்னலைக் கடந்து, பாலம் தெரிகிற வளைவு வரைக்கும் வந்தான். திரும்பினான். முட்டி வலித்தது. அவசரப்படவில்லை. இரண்டாம் தடவை கடக்கும்போது மேஜர் இன்னும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நாலாம் தடவை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், முட்டை தொடப்படாமல் இருந்தது. ஏழாம் தடவை திரை இழுத்து விடப்பட்டிருந்தது.

இத்வல் திரும்பினான். திரையின் ஓரம் ஒரு விரல் அகலம் விலகியிருந்தது. அந்த விரல் அகலத்துக்காக அவன் மறுபடியும் நடந்தான்.